எண்ணெய்க் காப்பிட்ட மடக்குக் கத்தி

தொப்பூர்க் கணவாயில் பேருந்து நின்றுபோன அந்தப் பகலில் என் மடியில் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. இருந்தும், இல்லாதவன்போல் உட்கார்ந்திருந்தேன். தருமபுரி மாவட்டத்து எல்லைக்குள் நான் செய்த முதற்காரியம் அதுதான். அந்த மண்ணும் மக்களும் பின்னர் எனக்குச் செய்தவற்றை நன்றியோடு எழுதிவைக்க வேண்டும் என்றே பேனாவை எடுத்தேன். ஆயினும் அந்த நாணத்தை முதலில் இறக்கிவைக்காமல் நன்றியைச் சொல்லத் தொடங்குவது முறையாகாது.

மலேசியாவில் தைப்பிங் நகரை அடுத்த பால்மரத் தோட்டம் ஒன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கிராணியாக, அதாவது அலுவலக எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். தோட்டத்துச் சிவன் கோயிலில் காலையும் மாலையும் பதிகம் ஓதுவது என் பணி. அரை நூற்றாண்டாக வாயால் ஓதிய தலங்களைக் கண்ணால் கண்டதில்லை. காவிரிக் கரைக்குச் சென்று, எந்தச் சந்நிதிக்கு எந்தப் பதிகமோ அதை அங்கேயே நின்று ஓதிவிட்டு வரவேண்டும் என்ற வேட்கை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளின் நடுவில், மனைவி மறைந்து மக்கள் தத்தம் குடும்பமாகிய பிறகு, கைகூடியது.

புறப்படுவதற்கு முதல்நாள் அந்தோணி வந்தார். தோட்டத்தில் என் அடுத்த வீட்டுக்காரர். இளமையில் தருமபுரிப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர். ஒரு துணிப் பொட்டலத்தை நீட்டி, "கிராணியாரே, போற வழியில நம்ம தங்கச்சி செபமாலை வூட்டுல இதக் குடுத்துருங்க. அப்படியே அந்த மாமரத்த ஒரு பார்வை பாத்துட்டு வந்துருங்க. சாகக் கெடக்குதுன்னு எழுதியிருக்கா" என்றார். சென்னையிலிருந்து தஞ்சைக்குப் போகிறவனுக்குத் தருமபுரி வழியில் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன்.

இனிக் கத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தைப்பிங் கடைத்தெருவில் ஒரு சீனர் கடையில் வாங்கியது. விரல் நீள அலகு. அது மடங்கி ஒடுங்க ஒரு மரக் கைப்பிடி. இரண்டையும் பிணைக்கும் ஓர் ஆணி. இவ்வளவுதான். திருகாணி இல்லை, விசை இல்லை, கழன்று போக எதுவும் இல்லை. அலகின் முதுகில் நகம் கொள்ளும் அளவு ஒரு பள்ளம். அதைப் பற்றி இழுத்தால் திறக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சாணைக்கல்லில் பத்து இழுப்பு போதும். மூட்டில் அழுக்குச் சேர்ந்தால் வெந்நீரை ஊற்றி உலர்த்திவிடலாம். ஒருமுறை நந்தியாவட்டைப் புதரடியில் விழுந்து இரண்டு மாத மழையில் கிடந்து, துரு நீக்கியதும் பழையபடியே வெட்டியது. கறைபடாத எஃகு அன்று. ஈரம் பட்டால் துரு ஏறும் பழைய வகை. அதனால் நாள்தோறும் வேலை முடிந்ததும் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி மடக்குவேன்.

வாங்கிய நாளில் ஒரு விரதம் கொண்டேன். இறைவனுக்குரிய பூ, வில்வம், பழம், இளநீர் இவற்றைத் தவிர வேறெதையும் இந்த அலகு தொடலாகாது என்பது அது. இருபத்திரண்டு ஆண்டுகள் காத்துவந்தேன். அதன் பயன் தொப்பூரில் தெரிந்தது.

சேலத்தில் ஏறிய பேருந்து கணவாயின் பாதி ஏற்றத்தில் புகைவிட்டு நின்றது. ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயின் நுனி கிழிந்திருந்தது. கிழிந்த நுனியை நறுக்கிவிட்டு மீதியை இழுத்து மாட்டினால் போய்ச் சேரலாம் என்றார் ஓட்டுநர். நடத்துநர் படியில் ஏறி நின்று, "யாருகிட்டயாச்சும் கத்தி இருக்குதுங்களா? பேனாக் கத்தி இருந்தாலும் போதுமுங்க" என்று கேட்டார்.

என் கை மடிக்குப் போனது; போன கை அங்கேயே நின்றது. எண்ணெயும் கரியும் படிந்த ரப்பரையும் பூசைக்குரிய அலகையும் ஒருசேர நினைக்க என் மனம் ஒப்பவில்லை.

முன் இருக்கையில் இரண்டு பெண்கள் கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தனர். என் பக்கத்தில் மாரண்டஹள்ளித் தக்காளி வியாபாரி ஒருவர். அவர் என் காதருகே குனிந்தார்.

"அந்தம்மா என்ன சொல்லுதுன்னு தெரியுதுங்களா?"

"தெரியலைங்க."

"பெரியவரு வெளியூரு போல. மடியில நகை கட்டியிருக்காரு. அதான் எல்லாரும் எறங்குனாலும் வயித்தப் புடிச்சிட்டு உக்காந்திருக்காருங்குது."

நகையாக இருந்திருந்தால் இவ்வளவு கூசியிருக்க மாட்டேன். ஓட்டுநர் சாலையோரத்தில் கிடந்த சோடாப் புட்டித் துண்டு ஒன்றை எடுத்துக் குழாயை அறுக்கத் தொடங்கினார். அரைமணி நேரம் ஆயிற்று. வண்டி புறப்பட்டபோது அவருடைய கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது; துணி சிவந்திருந்தது. நல்லம்பள்ளியில் இறங்கும்வரை அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஓத வாயெடுத்தால் பதிகம் வரவில்லை.

செபமாலையின் ஊர் நல்லம்பள்ளியிலிருந்து அரைமணி நடை. ஐம்பது வயதைத் தொட்டவர். காய்ந்து முறுகிய உடம்பு, தயங்காத பேச்சு. கணவர் சின்னப்பன் தருமபுரியில் அரிசி மண்டி ஒன்றில் எடைபோடும் வேலையில் இருந்தார். நான் வந்திருக்கிறேன் என்று இரண்டு நாள் விடுப்பு சொல்லிவிட்டார். பொட்டலத்தைப் பிரித்துப் புடவையைத் தோளில் போட்டுப் பார்த்த செபமாலை, "இத்தன பளபளப்ப நான் எங்க கட்டிட்டுப் போறதுங்க? கோயில்ல சாமியாரே பூசைய நிறுத்திட்டுப் பாப்பாரு" என்றார்.

"மச்சான் டேப் ரெக்கார்டர் ஏதும் குடுத்து வுடலீங்களா?" என்று கேட்டார் சின்னப்பன், பொட்டலத்தின் அடியைத் தடவியபடி.

"உங்க பாட்ட நாங்க கேக்கறது பத்தாதா?" என்றார் செபமாலை.

மரம் வீட்டில் இல்லை. ஒரு மைல் தள்ளி, அவர்களுடைய மூன்று ஏக்கர் மேட்டு நிலத்தின் கிணற்றோரம் நின்றது. அடிமரத்தில் விரல் நுழையும் துளைகள். ஒவ்வொன்றிலிருந்தும் மரத்தூள் கொட்டிக் கிடந்தது. வண்டு உள்ளே புகுந்து கூடாக்கிவிட்டது. கிழக்கே நீண்ட ஒரு கிளையில் மட்டும் பச்சை. ஊரில் மாம்பழம் எல்லாம் முடிந்த பிறகு ஆடி மாதத்தில் பழுக்கும் மரம் அது. அவர்கள் வீட்டில் ஆடிக்காய் என்பார்கள். கடைசியாய்த் தேறிய பழங்களில் ஒன்றை வைக்கோலில் புதைத்து வைத்திருந்தார் செபமாலை. கிணற்றடியில் கால் கழுவி, மனத்தால் இறைவனுக்கு முன்வைத்து, என் கத்தியால் அரிந்தேன். தோல் மெல்லியது, நார் ஒன்றுகூட அலகில் சிக்கவில்லை. தேனின் இனிப்பும், அதற்கு அடியில் எலுமிச்சையின் கூர்மை ஒன்றும். மலேசியாவில் நான் உண்ட எந்த மாம்பழத்திலும் அந்தக் கூர்மையைக் கண்டதில்லை. அந்தோணி முப்பது ஆண்டுகளாக எதைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் நாவுக்கு விளங்கியது.

"இது போனா இந்தப் பழம் போச்சுங்க. வேற எங்கயும் கெடயாது. கொட்டையப் போட்டாப் புளிப்புக்காய்தான் வருது. ஒட்டுக் கட்டுனாத்தான் இதே பழம் வரும். ரெண்டு வருசமாக் கட்டறேன், ஒண்ணும் புடிக்கல" என்றார் செபமாலை.

இளமையில் ஒரு நாற்றுப் பண்ணையில் கூலி வேலை செய்து ஒட்டுக்கட்டக் கற்றவர் அவர். கிணற்றின் நிழலில் பிளாஸ்டிக் பைகளில் மாங்கன்றுகள் முளைத்துச் செப்பு நிறத் துளிரோடு நின்றன. கன்றின் தலையைக் கொய்து, தண்டை நடுவில் பிளந்து, தாய்மரத்துக் குச்சியை ஆப்புப்போல் சீவி அதில் செருகிக் கட்ட வேண்டும். பச்சைக் கிளையில் தேறிய குச்சிகள் பதினொன்று. பத்து நாள் முன்பே இலைகளைக் கிள்ளி மொட்டுகளைப் பருக்க விட்டிருந்தார். நாளை மறுநாள் பருவம். அடுத்த ஆண்டு இந்தக் கிளையும் இராது. பதினொன்றில் சிலவாவது பிடித்தால் அவற்றிலிருந்தே மூன்று ஏக்கரையும் நிரப்பிவிடலாம். இல்லையென்றால் கிணற்றில் தண்ணீர் நிற்காத அந்த மேட்டில் மறுபடியும் வாடிப்போகும் தக்காளிதான்.

"எதனால பிடிக்கலை?" என்று கேட்டேன்.

முந்தானை முடிச்சிலிருந்து பாதியாய் ஒடித்த சவர பிளேடு ஒன்றை எடுத்துக் காட்டினார். "இதுதாங்க. மாங்குச்சி கெட்டி. பிளேடு வளையுது. சீவுனா மேடு பள்ளமா வருது. ரெண்டும் ஒட்டாம நடுவுல காத்து நிக்குது. சந்தையில வாங்குன கத்தி ரெண்டு குச்சிக்கு மேல தாங்கல."

சொல்லிக்கொண்டே அவர் பார்வை, பழச்சாறு படிந்து என் கையிலிருந்த கத்தியில் நின்றது. கேட்கவில்லை. பார்வையை எடுத்துக்கொண்டார். அந்தோணி எழுதும் கடிதங்களில் என் விரதமும் இடம்பெற்றிருக்கும்.

ஓட்டுநரின் கட்டைவிரல் என் கண்முன் வந்தது. அலகைக் கழுவித் துடைத்து, மடக்கி, கிணற்று மேடையில் அவர் முன்பாக வைத்தேன். எங்கள் வழக்கப்படி கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கையில் கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் உறவு அறும் என்று அஞ்சிக் கீழே வைப்போம், வேண்டியவர் எடுத்துக்கொள்வார்.

"உங்க சாமி கத்தியாச்சேங்க?"

"எடுத்துப் பாருங்கம்மா."

எடுத்தார். கொய்யாக் குச்சி ஒன்றை ஒடித்து ஒரே இழுப்பில் சீவினார். சீவிய முகத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "கண்ணாடிங்க" என்றார். பிறகு கத்தியை மடக்கி மேடையிலேயே திருப்பி வைத்தார். "நாளன்னிக்கி வரைக்கும் நீங்களே வெச்சிருங்க. இங்க வெச்சா இவரு பீடிக்கட்டுப் பிரிக்க எடுத்துருவாரு."

இரவுச் சோற்றுக்குக் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று சின்னப்பன் கற்றுத்தந்தார். எங்கள் தோட்டத்து அரிசிச் சோறும் ரொட்டியும் உண்டு பழகிய தொண்டை முதல் உருண்டைக்கு மறுத்தது, மூன்றாவதற்கு வழிவிட்டது. படுக்கும்போது வயிறு அமைதியாய் இருந்தது, மனமும்.

மறுநாள் சும்மா இருக்கும் நாள். ஒகேனக்கல்லில் காவிரியைக் காட்டுகிறேன் என்று சின்னப்பன் அழைத்தார். தருமபுரியில் வண்டி மாறி, பென்னாகரம் தாண்டிக் காட்டுக்குள் இறங்கினோம். பேருந்து நிலையத்தில் இறங்கியதும் மீன் பொரிக்கும் புகை முகத்தில் அறைந்தது. மேல்துண்டால் மூக்கை மூடிக்கொண்டேன். "எங்களுக்கு இது சாம்பிராணிங்க" என்றார் சின்னப்பன்.

அருவிக்குப் போகும் வழியெங்கும் எண்ணெய் தேய்த்துவிடுவோர். ஒருவர் என் தோளைப் பிடித்துப் பாறையில் உட்கார்த்திவிட்டார். மறுக்க நேரமில்லை. நல்லெண்ணெயைத் தலையில் கவிழ்த்து, கழுத்தையும் முதுகையும் அவர் தட்டிய தட்டில் பேருந்துப் பயணத்து வலியெல்லாம் எங்கோ போயிற்று. "பெரியவருக்கு எலும்பு தேக்குங்க. இன்னும் முப்பது வருசம் ஓடும்" என்றார். அவ்வளவு வேண்டாம் என்றேன். "அப்ப இருபது" என்று குறைத்துக்கொண்டார்.

பாறைகளுக்கு இடையே விழுந்த காவிரியின் கீழ் நின்றேன். இந்த நீர்தானே சில நாளில் நான் நிற்கப்போகும் சந்நிதிகளின் பக்கமாய் ஓடப்போகிறது! முந்தின நாள் தொண்டையில் நின்ற பதிகம் தானாய் எழுந்தது. அருவியின் ஓசையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கேட்க வேண்டியவருக்குக் கேட்டிருக்கும். கண்ணீரும் ஆறும் கலந்து இறங்கின.

கரையேறிய பின்தான் மடியைத் தொட்டேன். கத்தி அங்கேயே இருந்தது! அதையும் சேர்த்து நீராட்டிவிட்டேன். ஊர் திரும்பி மாலையில் திறந்தபோது அலகில் சிவந்த பொட்டுகள் மூன்று. நாளை ஒரு குடும்பத்தின் தோட்டமே இந்த அலகில் இருக்கிறது. செங்கல் தூளால் மெல்லத் தேய்த்துத் துருவை எடுத்தேன். பின்பு, ஒகேனக்கல்லில் வாங்கி மிச்சமிருந்த நல்லெண்ணெயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் கோயிலில் திருமேனிகளை நீராட்டி உலர்த்திய பின் எண்ணெய்க் காப்பு இடுவோம். அதே பரிவோடு, அதே பொறுமையோடு, அலகின் இரு முகத்திலும், முதுகிலும், ஆணி மூட்டிலும், அலகு ஒடுங்கும் கைப்பிடிக் காடியிலும் ஊற ஊறத் தடவினேன். வழக்கமாக ஒரு சொட்டு. அன்று ஒரு கைக்குழி. ஒரு சந்தனப் பொட்டும் வைத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். நல்லதொரு பணி செய்தேன் என்று மகிழ்ந்து உறங்கினேன்.

மூன்றாம் நாள் விடியலில் கிணற்றடியில் இருந்தோம். சந்தனத்தைத் துண்டால் துடைத்துக் கத்தியை மேடையில் வைத்தேன். செபமாலை நெஞ்சில் சிலுவை வரைந்துகொண்டு எடுத்தார். சின்னப்பன் குச்சி கொய்து தருவார். செபமாலை சீவிச் செருகிக் கட்டுவார். வேலை வேகமாய் நடந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. சீவிய முகங்கள் பளிச்சென்று இருப்பதைக் கண்டு எனக்குப் பெருமைகூட வந்தது. ஐந்து முடிந்தது. ஆறாவது குச்சியைச் சீவியவர் கையை நிறுத்தினார். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் ஒன்றோடொன்று தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"ஐயா, கத்திக்கு எண்ணெ தடவுனீங்களா?"

"ஆமாம்மா. நேத்துச் சாயங்காலம்."

"எவ்வளவுங்க?"

"நல்லாவே தடவினேன்."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பால் சேரணுங்க. தண்டுப் பாலும் குச்சிப் பாலும் ஒண்ணாச் சேந்தாத்தான் உசுரு. நடுவுல எண்ணெ நின்னா எப்பிடிங்க சேரும்? குடத்தைத் தேச்சுக் கழுவற மாதிரி கழுவிட்டு வருவீங்கன்னு பாத்தா..."

"சாமிக்கு அபிசேகம் பண்ற ஞாபகத்துல கத்திக்கும் பண்ணிட்டாரு. நல்லவேள, பாலும் தயிரும் ஊத்தல" என்றார் சின்னப்பன்.

"சும்மா இருங்க. சிரிக்கற நேரமா இது?"

"அந்த அஞ்சையும் பிரிச்சு மறுபடி சீவ முடியாதா?" என்று கேட்டேன்.

"நீளமில்லீங்க. பிரிச்சாத் தண்டு கிழியும்." பிறகு கணவரிடம், "ஓடிப்போயி அடுப்புச் சாம்பல் அள்ளிட்டு வாங்க. எண்ணெய சாம்பல்தான் இழுக்கும்" என்றார்.

வீடு ஒரு மைல். சீவிய ஆறாவது குச்சி அவர் கையில் உலரத் தொடங்கியிருந்தது. வெயில் ஏறிவிட்டால் மற்ற ஐந்தும் கேள்விதான். என் தோள்பையில் திருநீற்றுப் பை இருந்தது. பயணம் முழுமைக்குமாகத் தோட்டத்திலிருந்தே கொண்டுவந்தது; பசுஞ்சாணம் சுட்டு மூன்று முறை துணியில் சலித்தது. எடுத்து அவிழ்த்தேன்.

"இதுவும் சாம்பல்தான்மா. மாவு மாதிரி இருக்கும்."

அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "ஐயோ, இது நெத்திக்குப் பூசறதாச்சேங்க."

"பரவாயில்லை. இன்னிக்கு நெத்திக்குக் குறைச்சுக்கறேன்."

சற்றே பார்த்தார். "எங்களுக்கும் திருநீத்துப் புதன்னு ஒண்ணு இருக்குதுங்க. சாமியாரு நெத்தியில பூசிவுடுவாரு" என்று சொல்லிவிட்டுக் கத்தியை மேடையில் வைத்தார். "ஆணிக்குள்ளயும் போவணுங்க. நல்லாத் தேயுங்க."

தேய்த்தேன். வெண்ணிறத் திருநீறு எண்ணெயை உறிஞ்சிக் களியாய்த் திரண்டு வந்தது. சின்னப்பன் கிணற்றிலிருந்து வாளி இறைத்தார். கழுவி, மறுபடியும் நீறு வைத்து, மறுபடியும் கழுவினேன். மூன்றாவது முறை அலகில் நீரைத் தெளித்துப் பார்த்தார் செபமாலை. முதலிரண்டு முறையும் நீர் முத்து முத்தாய் நின்றது. இப்போது படர்ந்து வழிந்தது. "எண்ணெ போயிருச்சுங்க" என்றார். தன் கையையும் அதே நீற்றால் தேய்த்துக் கழுவிக்கொண்டார். பை காலியாயிற்று.

உலர்ந்த நுனியை மட்டும் நீக்கி ஆறாவதைச் சீவினார். பிறகு ஏழு, எட்டு. ஒவ்வொன்றுக்கும் அவர் சிலுவை வரைந்தார். நான் எனக்குள் ஐந்தெழுத்தைச் சொன்னேன். பதினொன்றும் முடிந்து நிழலில் வரிசையாய் நின்றன. முதல் ஐந்தின் கட்டில் மட்டும் செபமாலை சிவப்பு நூல் ஒன்றைச் சேர்த்துக் கட்டினார்.

அன்று பிற்பகல் நான் புறப்பட வேண்டும். சாப்பாட்டில் செபமாலை என்னோடு பேசவில்லை. ஆனால் களியின் நடுவில் குழி செய்து நெய்யை நிரம்ப ஊற்றினார். வழிக்குப் பொரியும் வெல்லமும் முடிந்து தந்தார். வருத்தத்தில் இருந்தபோதும் விருந்தினனின் இலையைக் குறையில்லாமல் நிரப்பிய அந்தக் கையை நான் மறவேன். "எப்பத் தெரியும்?" என்று சின்னப்பனிடம் கேட்டேன். "மூணு வாரமாவுங்க. புடிச்சா மொட்டு வெடிக்கும், இல்லாட்டிக் கருத்துரும்."

காவிரிக் கரையில் நின்ற சந்நிதிகளைப் பற்றித் தனியே எழுதத்தான் வேண்டும். கண்டேன், ஓதினேன், நிறைந்தேன். ஆனால் எல்லாச் சந்நிதியிலும் என் வேண்டுதல் ஒன்றாகவே இருந்தது. தீபாராதனையின்போது கண்ணை மூடினால் பிளாஸ்டிக் பைகளில் பதினொரு கன்றுகள் நின்றன. முத்தி வேண்டும் என்று கேட்கவேண்டிய இடங்களிலெல்லாம் மாங்கன்று வேண்டும் என்று கேட்டுவந்த அடியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இருபத்திரண்டாம் நாள், ஊர் திரும்பும் விமானத்துக்கு மூன்று நாள் இருக்கையில், மறுபடியும் சேலத்தில் வண்டியேறினேன். கத்தியைச் சட்டைப் பையில், எவர் கண்ணுக்கும் தெரியும்படி வைத்திருந்தேன். தொப்பூரில் பேருந்து நிற்கவில்லை. ஆனால் எனக்குப் பின்னால் ஓர் அம்மாள் மூட்டைக் கயிறு அவிழவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தார். எழுந்து போய் அறுத்துக் கொடுத்தேன். "நல்லாருங்க சாமி" என்றார். மூட்டையில் இருந்தது கருவாடு. அலகைத் துடைத்து மடக்கும்போது என் கை கூசவில்லை.

நல்லம்பள்ளியில் சின்னப்பன் காத்திருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்ன ஆச்சுங்க?"

"கருவாட்டு வாசன வருதுங்களே, உங்க மேலயா?"

"கன்று என்ன ஆச்சு?"

"வந்து பாருங்க. நான் சொன்னா அவ என்னத் தின்னுருவா."

ஒரு மைல் மேட்டு நடையை அவ்வளவு விரைவாக நான் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடக்கப்போவதில்லை. கிணற்றடியில் செபமாலை கன்றுகளுக்குக் குவளையால் நீர் விட்டுக்கொண்டிருந்தார். சிவப்பு நூல் கட்டிய ஐந்தும் எரிந்து அணைந்த திரிபோல் கருத்திருந்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை. கைகூப்பி நின்றேன், அவற்றிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு அது.

மற்ற ஆறில் இரண்டு கருத்திருந்தன. நான்கின் நுனியில் மொட்டு வெடித்து, செந்நிறத் துளிர், நகக்கண் அளவு, ஈரம் காயாத குழந்தையின் காதுபோல் விரிந்திருந்தது.

குனிந்து பார்த்தேன். எத்தனை நேரம் என்று தெரியாது. நிமிர்ந்தபோது செபமாலை சிரித்துக்கொண்டிருந்தார்.

"நாலு போதுங்க. நாலுல இருந்து அடுத்த வருசம் நாப்பது. அப்புறம் மேடு முழுக்க. எங்க அண்ணங்கிட்டப் போயிச் சொல்லுங்க, மரம் சாவலன்னு."

அந்தத் தாய்மரத்தின் கிழக்குக் கிளையிலும் இதற்குள் இலைகள் பழுத்து உதிரத் தொடங்கியிருந்தன.

சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்தேன். காவிரிக் கரையிலேயே முடிவு செய்துவிட்டேன். அடுத்த ஆண்டு நாற்பது குச்சி சீவ அவருக்குக் கத்தி வேண்டும். எனக்குப் பூப்பறிக்க விரல்கள் இருக்கின்றன. அவர் கை நீரில் நனைந்திருந்தது. நான் உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். வழக்கமெல்லாம் அந்த நேரத்தில் நினைவில் இல்லை.

அவர் வாங்கவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கையில குடுக்காதீங்க அண்ணா. கீழ வைங்க."

அதுவரை என்னை ஐயா என்றே அழைத்தவர் அவர்.

"நீங்களுமா அதெல்லாம் பாக்கறீங்க?"

"பாக்காம? அங்க ஒரு அண்ணன் கடலுக்கு அந்தாண்ட கெடக்கறாரு. இன்னொருத்தர இப்பத்தான் சம்பாதிச்சிருக்கறேன். கையில வாங்கிட்டு அறுத்துக்கச் சொல்றீங்களா? வைங்க கீழ."

நான்கு கன்றுகளுக்கு நடுவில், ஈர மண்ணில், கத்தியை வைத்தேன். துரு ஏறுமே என்று ஒரு கணம் மனம் பதறியது. பதறட்டும் என்று விட்டுவிட்டேன். செபமாலை குனிந்து எடுத்தார். முந்தானையில் துடைத்தார். நகத்தைப் பள்ளத்தில் வைத்து இழுத்து அலகைத் திறந்தார். பிறகு, என் கண்ணைப் பார்த்தபடியே, அதை மூக்கருகே கொண்டுபோய் நிதானமாக முகர்ந்தார்.

முகம் சுளித்தது.

"எண்ணெ இல்லீங்க அண்ணா" என்றார். "கருவாடு."